ஏழு வருடமாக நொண்டாமல் ஓடும் ஒரு பானியர் டாங்க் சேஸி

இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 5700 வகைப் பானியர் டாங்க் (கொதிகலனின் இரு பக்கமும் தண்ணீர்த் தொட்டி உள்ள நீராவி இன்ஜின்) ஒன்றின் சிறு மாடலுக்கு நானே கட்டிய சேஸி, அதாவது சக்கரங்கள் மாட்டும் அடிச்சட்டம் இது. நிஜ வண்டியின் ஓர் அடிக்கு 4 மி.மீ. அளவு, தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. 2018-ல் கட்டியது. வாரத்தில் மூன்று நாளாவது ஓடுகிறது. இந்த வகை இன்ஜின்கள் 1929 முதல் 1950 வரை மொத்தம் 863 கட்டப்பட்டன. அவற்றில் 13-ஐ லண்டன் டிரான்ஸ்போர்ட் வாங்கி, பிரிட்டிஷ் ரயில்வேயில் நீராவி முடிந்த பிறகும் 1971 வரை ஓட்டியது. டிட்காட் ரயில் அருங்காட்சியகத்தில் நிஜ வண்டியைப் பார்த்த அன்றே இதைத்தான் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

இதற்கு முன் கட்டிய முதல் சேஸி நொண்டியது. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு இடத்தில் தயங்கும், வேகம் கூட்டினால் தெரியாது, மெதுவாக விட்டால் அப்பட்டமாகத் தெரியும். நான் செய்தது என்னவென்றால், கப்ளிங் ராடின் (சக்கரங்களை வெளிப்பக்கம் ஒன்றோடொன்று இணைக்கும் தண்டு) ஓட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். ஓடத்தான் செய்தது. ஆனால் தளர்ந்த ராட் ஒவ்வொரு சுற்றிலும் தட்டும், தட்டத் தட்ட ஓட்டை இன்னும் பெரிதாகும். ஒரு வருடத்தில் கழற்றி வைத்துவிட்டேன்.

கோளாறு ராடில் இல்லை. ஆக்சில்களுக்கு (சக்கர அச்சுகளுக்கு) இடையிலுள்ள தூரமும் ராடின் ஓட்டைகளுக்கு இடையிலுள்ள தூரமும் ஒன்றாக இல்லை, அவ்வளவுதான். 5700-க்கு முன் இரண்டு ஆக்சிலுக்கு நடுவே 7 அடி 3 அங்குலம், பின் இரண்டுக்கு நடுவே 8 அடி 3 அங்குலம். நம் அளவில் 29, 33 மி.மீ. இதை ஸ்கேல் வைத்து அளந்து ஓட்டை போட்டால் எப்படியும் நூலளவு தப்பும். அதனால் இந்த முறை எதையும் அளக்கவே இல்லை, ராடையே அளவாக வைத்தேன். ஆக்சில் பருமனில் (3.175 மி.மீ.) மூன்று நீளமான எஃகுக் கம்பிகள், முனைகளை மட்டும் ராடின் ஓட்டையில் இறுக்கமாக நுழையும் அளவுக்குக் கடைந்து வாங்கினேன். கம்பிகளைத் தாங்கிகளில் செருகி, வெளியே நீட்டிய முனைகளில் ராடை மாட்டி, எல்லாம் தானாக ஓர் இடத்தில் நின்ற பிறகுதான் பின் ஆக்சிலின் தாங்கிகளையும், மற்ற இரண்டின் தாங்கிகள் ஏறி இறங்கும் வழிகாட்டிகளையும் சட்டத்தோடு பற்றவைத்தேன். முதலில் ஆளுக்கு ஒரு பொட்டு ஈயம், கம்பி இழுபடாமல் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் முழுதாக.

பின் ஆக்சில் அசையாதது, மோட்டார் அதில்தான். முன்னும் நடுவும் ஒரு சிறு பித்தளைத் தண்டின் கீழே ஏறி இறங்கும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கிறதே, அதே கணக்கு. தண்டவாளம் கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் ஆறு சக்கரமும் தொட்டுக்கொண்டே இருக்கும், மின்சாரம் அறுபடாது. ஆனால் இப்படிச் செய்தால் ராடும் நடுவில் மூட்டு உள்ளதாக இருக்க வேண்டும், ஒரே துண்டு ராட் போட்டால் ஆக்சிலை அசையவே விடாது.

சக்கரம் மாட்டியதும் மோட்டார் பக்கம் போகாதீர்கள். வார்ம் கியர் (மோட்டாரின் திருகு வடிவப் பல்சக்கரம்) மாட்டிவிட்டால் கையால் தள்ளிப் பார்க்க முடியாது, கோளாறு உள்ளே ஒளிந்துகொள்ளும். ஒரு பலகையைச் சற்றுச் சாய்த்து அதன்மேல் தண்டவாளம் வைத்து வெறும் சேஸியை உருட்டிவிடுங்கள். முதலில் ஒரு பக்க ராட் மட்டும். கிராங்க் பின்கள் (சக்கரத்தில் ராட் மாட்டும் முளைகள்) கிடைமட்டமாக வரும் இடத்தில் உருளாமல் பிடித்தால் ராட் நீளத் தகராறு. தனித்தனியாக இரண்டு பக்கமும் சுதந்திரமாக உருண்டு, சேர்த்து மாட்டினால் பிடித்தால் குவார்ட்டரிங் தகராறு, அதாவது இடது வலது கிராங்க் பின்களுக்கு இடையே உள்ள கோணம் மூன்று ஆக்சிலிலும் ஒன்றாக இல்லை. கச்சிதமாக 90 டிகிரி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, மூன்றும் ஒரே கோணமாக இருந்தால் போதும். நான் சதுர முனை ஆக்சில் சக்கரங்களை வாங்கினேன், சதுரமே கோணத்தைப் பிடித்து வைப்பதால் அந்தத் தலைவலியே வரவில்லை.

ராடைப் பிடித்து வைக்கும் வாஷரைக் கிராங்க் பின்னில் பற்றவைக்கும்போது, எண்ணெயில் நனைத்த மெல்லிய தாள் துண்டு ஒன்றை இடையில் வைத்தேன். ஈயம் உள்ளே ஓடி ராடைப் பிடித்துக்கொள்ளாது, பிறகு தாளைக் கிழித்தெடுத்தால் தாள் கனம் இடைவெளி கிடைக்கும். சின்ன வேலை, ஆனால் இதை விட்டால் அதுவரை செய்தது அத்தனையும் போச்சு.

ஏழு வருடத்தில் வந்த தொல்லைகளையும் சொல்கிறேன். பற்றவைத்த பிறகு அமில ஃப்ளக்ஸைச் (ஈயம் நன்றாக ஒட்டப் பூசுவது) சரியாகக் கழுவாததால் முதல் வருடமே ஆக்சிலில் துரு வந்தது. சோடா மாவு கரைத்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்திருக்க வேண்டும். மின்சாரம் எடுக்கும் கம்பிகளை முதலில் அதிக அழுத்தமாக வைத்திருந்தேன், அதுவே பிரேக் போல இழுத்தது. 0.3 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பியாக மாற்றி, சக்கரத்தின் பின்பக்கத்தைச் சும்மா தொடும்படி விட்டதும் ஊர்ந்து போகும் வேகமே வேறாகிவிட்டது. ஐந்தாம் வருடம் கியரின் கிரப் ஸ்க்ரூ (கியரைத் தண்டில் இறுக்கிப் பிடிக்கும் தலையில்லாத் திருகு) தளர்ந்தது, மோட்டார் சுற்றும், வண்டி நிற்கும். திருகுப் பசை ஒரு துளி போட்டு முடுக்கினேன். எண்ணெய் ஊசி முனையில் நிற்கும் அளவு போதும், அதிகமானால் சக்கரத்துக்கு வழிந்து அழுக்கைச் சேர்க்கும்.

போன மாதம் முழுதாகக் கழற்றினேன். நடு கிராங்க் பின்னின் புஷ் (சிறு உலோக உறை) மட்டும் ஒரு பக்கம் தேய்ந்து பளபளத்தது, மாற்றிவிட்டேன். ராடை அந்தப் பழைய மூன்று கம்பிகளின் மேல் வைத்துப் பார்த்தேன், முதல் நாள் போலவே வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது.