காரம் வாங்கிய கடை

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் இருக்கும் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போன மாதம் என் மகளோடு போயிருந்தேன். அவள் ப்ளஸ் டூ, தமிழ் வழி. மூலக்கூறு மரபியல் பாடத்தில் "நைட்ரஜன் காரங்கள்" என்று வந்ததும், "டிஎன்ஏவுக்குள்ள என்னம்மா காரம்? மிளகாய்க் காரமா, சோப்புக் காரமா?" என்று கேட்டாள். வீட்டிலேயே வேதியியல் ட்யூஷன் எடுக்கிறவள் நான். சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது நல்லது என்று ஒத்தக்கடையில் பஸ் ஏறிவிட்டோம்.

வெண்காரமும் படிகாரமும் ஐம்பது ஐம்பது கிராம் கேட்டேன். அண்ணாச்சி உடனே தராசைத் தொடவில்லை. "உள்ளுக்கா, வெளிக்காம்மா?" என்றார். பாப்பாவின் பாடத்துக்கு என்று சொன்ன பிறகுதான் நிறுத்தார். பக்கத்தில் ஒரு பெரியவர் வாய்ப்புண்ணுக்கு வெண்காரம் கேட்டார். "வைத்தியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கய்யா" என்று கொடுக்காமலே அனுப்பிவிட்டார். வெண்காரம் கண்டபடி உள்ளே போகக்கூடாத பொருள். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று நினைக்கும் இந்தக் கடையை எல்லோருக்கும் தைரியமாகச் சொல்வேன்.

இரண்டும் சேர்த்து முப்பது ரூபாய். பொட்டலத்தின் மேல் பேனாவில் பெயர் எழுதிக் கொடுத்தார். நல்லதாகப் போயிற்று, இரண்டும் வெள்ளைக் கட்டிதான். படிகாரம் கண்ணாடி மாதிரி. வெண்காரத்தின் மேல் மாவு பூத்திருந்தது.

வீட்டுக்கு வந்து மஞ்சள் கரைத்த தண்ணீரை மூன்று கிண்ணங்களில் ஊற்றினோம். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு போட்டதும் ஆரத்திச் சிவப்பு. வெண்காரத்துக்கு மங்கலான செம்பழுப்பு. படிகாரத்துக்கு மஞ்சள் அசையவே இல்லை. "பேர்லயே காரம் இருக்கே!" என்றாள். ஆமாம், ஆனால் படிகாரக் கரைசல் அமிலத்தன்மை உள்ளது. பெயரைப் பார்க்காதே, அது செய்கிற வேலையைப் பார் என்றேன். புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம் என்று பிரான்ஸ்டெட், லவ்ரி என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1923-இல் தனித்தனியாகச் சொன்னார்கள். டிஎன்ஏவில் இருக்கும் அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் நான்கையும் காரம் என்று அழைப்பது அதற்கு முன்பே வந்த வழக்கம், ஆனால் காரணம் இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் புரியும். அடினைனில் உள்ள நைட்ரஜனிடம் புரோட்டானைப் பிடித்துக்கொள்ள ஒரு இணை எலக்ட்ரான் இருக்கிறது. ஆனால் டிஎன்ஏ மொத்தமாகப் பார்த்தால் அமிலம். காரணம் அதன் முதுகெலும்பு போன்ற சட்டத்தில் இருக்கும் பாஸ்பேட். இந்த இடத்தில் அவள் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டாள். குவானைன் முதலில் கிடைத்தது குவானோ என்ற பறவை எச்ச உரத்தில், பெயரும் அதிலிருந்து வந்ததுதான் என்பதையும் எழுதிக்கொண்டாள்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதையே "மூலம்" என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது. 1754-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரூயெல், அமிலத்தோடு சேர்ந்து உப்பு உருவாக அடித்தளமாக இருப்பது என்ற பொருளில்தான் இதற்கு "பேஸ்" (base) என்று பெயர் வைத்தார். மூலம் என்றால் என் மகள் மிளகாயை நினைத்திருக்கவே மாட்டாள்.

கடைக்கு முன்னால் வண்டி நிறுத்த இடம் கிடையாது, பஸ்ஸில் போவதே மேல். பதினொரு மணிக்கு மேல் கூட்டம் நெருக்கும். அப்போது அண்ணாச்சியிடம் நின்று பேச முடியாது. சின்னப் பொட்டலம் கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டார். வெண்காரத்தை மட்டும் வீட்டுக்கு வந்ததும் இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் மாற்றிவிடுங்கள். தாளிலேயே விட்டதில் எங்களுடையது இப்போது பாதி மாவு.