கண்காட்சியில் நிற்காமல் ஓடும் காணொளி: எந்த மீடியா பிளேயரை நம்பலாம்?

சென்னையில் காணொளிக் கலைப் படைப்பைக் கண்காட்சிக்கு வைக்கும் கலைஞர்கள் எந்த மீடியா பிளேயரை வாங்கலாம் என்று கேட்கும்போதெல்லாம், கூடத்தைக் காலையில் திறப்பது யார் என்றுதான் நான் திருப்பிக் கேட்பது வழக்கம். பெரும்பாலான இடங்களில் காவலாளியோ உதவியாளரோ மெயின் ஸ்விட்சைப் போட்டு, மாலையில் அதையே அணைத்துவிட்டுப் போவார்; ரிமோட்டைத் தேடி எடுத்து மெனுவில் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவர் தலையில் கட்டுவது முறையன்று. ஆகவே மின்சாரம் வந்தவுடன் யாரும் தொடாமலே படம் ஓடுகிறதா, முடிவும் தொடக்கமும் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறதா என்ற இரண்டையும் வைத்தே இங்குள்ள கருவிகளை எடைபோட்டிருக்கிறேன்.

டிவியின் யூஎஸ்பி துளையில் பென் டிரைவைச் செருகி ஓட்டுவது செலவில்லாத வழி. ஆனால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் திரை ஒரு கணம் கறுத்து, கோப்பின் பெயர் எட்டிப்பார்ப்பது பல டிவிகளின் வழக்கம். ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் ஆண்ட்ராய்டு பெட்டிகள் மின்சாரம் வந்ததும் முகப்புத் திரையில் வந்து நின்றுவிடும். வைஃபையில் இணைத்திருந்தால் படைப்பின் நடுவே அப்டேட் அறிவிப்பும் தலைகாட்டும். ஒரு மாலை நிகழ்ச்சிக்கு இவை போதும், ஒரு மாதக் கண்காட்சிக்கு வேண்டாம்.

மெமரி கார்டிலோ பென் டிரைவிலோ உள்ள கோப்பைத் தானாகத் தொடங்கித் திரும்பத் திரும்ப ஓட்டும் சிறிய பிளேயர்கள் இதற்கு அடுத்த படி. இவற்றில் சுற்றுக்குச் சுற்று சிறு இடைவெளி விழும். படைப்பு இருளில் தொடங்கி இருளில் முடிவதானால் அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. இல்லையெனில் ஐந்து நிமிடப் படத்தைப் பன்னிரண்டு முறை ஒட்டி ஒரு மணி நேரக் கோப்பாக ஆக்கிவிட்டால் இடைவெளி மணிக்கு ஒருமுறைதான் வரும். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அத்தகைய கோப்பு ஏறத்தாழ 4.5 ஜிபி ஆகும் என்பதையும், ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த கார்டு 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது என்பதையும் மறக்கக் கூடாது. இதைவிடப் பெரிய கோப்பையும் ஏற்கும் எக்ஸ்ஃபேட் முறையைப் பிளேயர் படிக்குமா என்று கடையிலேயே கேட்டுவிடுவது நல்லது.

ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி குறித்து என் கருத்து இரண்டுபட்டது. கணினியில் கைப்பழக்கம் உள்ளவர் உடனிருந்தால் இந்த விலையில் இதற்கு நிகர் இல்லை. எம்பிவி என்ற இலவச மென்பொருளை முடிவிலா லூப்பில் ஓட்டினால், ஒழுங்காகத் தயாரித்த கோப்பில் இணைப்பு தெரிவதே அரிது. ஆனால் பழைய கட்டுரைகள் பலவும் பரிந்துரைக்கும் ஓஎம்எக்ஸ்பிளேயர் என்ற மென்பொருள், பையின் இயங்குதளத்தில் 2021இல் வந்த புல்ஸ்ஐ பதிப்போடு விடைபெற்றுவிட்டது; எச்.264 முறையில் சுருக்கிய காணொளியை விரித்துக் காட்டும், பை 4இல் இருந்த வன்பொருள் டிகோடர் பை 5இல் கிடையாது, அதில் எச்.265 என்ற அடுத்த தலைமுறை முறைக்கு மட்டுமே வன்பொருள் வசதி உண்டு. ஆகவே பழைய குறிப்பை அப்படியே பின்பற்றுபவர் பாதி வழியில் தடுமாறுவார். இன்னொரு சிக்கல், பை கண்விழிக்கும்போது ப்ரொஜெக்டர் அணைந்திருந்தால், திரையே இல்லை என்று எண்ணிக்கொண்டு படத்தை வெளியே அனுப்பாமல் இருந்துவிடக்கூடும். திரையின் அளவையும் அதிர்வெண்ணையும் தொடக்க அமைப்பிலேயே கட்டாயப்படுத்தி எழுதிவைக்க வேண்டும். ஸ்விட்சைத் திடீரென்று அணைக்கும்போது மெமரி கார்டு கெடாமலிருக்க, பையின் அமைப்பு மெனுவில் உள்ள ஓவர்லே வசதியை இயக்கி, கார்டைப் படிக்க மட்டும் உரியதாக ஆக்கிவிடுவது கட்டாயம்.

இத்தனையையும் செய்ய ஆளில்லாத இடத்துக்கு பிரைட்சைன் பிளேயரைத்தான் நான் பரிந்துரைப்பேன். கடைகளிலும் விமான நிலையங்களிலும் விளம்பரத் திரைகளை ஓட்டுவதற்கென்றே உருவான கருவி அது. உள்ளே மின்விசிறி இல்லை, விண்டோசோ ஆண்ட்ராய்டோ இல்லை, கார்டில் உள்ளதை ஓட்டுவதைத் தவிர வேறு சிந்தனையும் இல்லை. மின்சாரம் வந்ததும் தானே ஓடத் தொடங்கும். ஒற்றைக் கோப்பின் லூப்பில் மடிப்பே தெரியாது. விலை ராஸ்பெரி பையைப் போலப் பல மடங்கு என்பதுதான் தடை. ஆனால் பல திரைகள் ஒத்திசைந்து ஓட வேண்டிய படைப்பானால் அந்த விலைக்கு நியாயம் உண்டு. தனித்தனிப் பிளேயர்களை ஒரே நேரத்தில் தொடக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டு கருவிகளின் கடிகாரங்களுக்கிடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தாலே, நிற்காமல் ஓடும் படம் ஒரு நாளில் 1.7 நொடி விலகிவிடும். பிரைட்சைன் கருவிகளை நெட்வொர்க் கேபிளால் இணைத்து, ஒன்றைத் தலைமையாகவும் மற்றவற்றை அதைப் பின்தொடர்பவையாகவும் அமைக்கலாம்.

எந்தக் கருவியானாலும் கோப்பு சரியில்லையென்றால் பயனில்லை. நம் ஊரில் எடுக்கும் காணொளிகள் பல நொடிக்கு 25 ஃபிரேம்; பிளேயர் 60 ஹெர்ட்சில், அதாவது நொடிக்கு 60 முறை, அனுப்பினால் சில ஃபிரேம்கள் இரண்டு முறையும் சில மூன்று முறையும் காட்டப்பட்டு, மெதுவாக நகரும் காட்சி தடுக்கித் தடுக்கிப் போகும். வெளியீட்டை 50 ஹெர்ட்சுக்கு மாற்றினால் அது மறைந்துவிடும். முதல் ஃபிரேமும் கடைசி ஃபிரேமும் ஒன்றாக இருந்தால் கடைசியை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் படம் ஒரு கணம் உறையும். அலையோசை போன்ற தொடர் ஒலி உள்ள படைப்பில் ஏஏசி என்ற சுருக்கப்பட்ட ஒலியைத் தவிர்க்கலாம். அந்தக் குறியாக்கம் கோப்பின் முனைகளில் சேர்க்கும் வெற்று ஒலி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கலாகக் காதில் விழும். பிளேயர் ஏற்குமானால் சுருக்கப்படாத பிசிஎம் ஒலியே மேல்.

மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகளில்தான் பிளேயர்கள் பெரும்பாலும் தடுமாறுகின்றன. பிளேயர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் அதற்கு மட்டும் சிறிய யூபிஎஸ் ஒன்றை வைத்தாலே போதும். ப்ரொஜெக்டரை அதில் மாட்டக் கூடாது. ப்ரொஜெக்டரில் மின்சாரம் வந்ததும் தானே எரியும் அமைப்பு இருந்தால் அதை இயக்கியும், டிவியில் சில மணி நேரத்துக்குப் பின் தானே அணையும் அமைப்பை நிறுத்தியும் வைக்க வேண்டும். ஈஞ்சம்பாக்கம், முட்டுக்காடு போன்ற கடலோர இடங்களில் உப்புக்காற்று எச்.டி.எம்.ஐ. முனைகளை அரிக்கும் என்பதால் கேபிளை அவ்வப்போது கழற்றிப் பார்ப்பது நல்லது. கார்டின் முழு நகல் ஒன்றைக் கருவியின் பெயர் எழுதிய உறையில் போட்டு, கலைஞரிடம் அல்ல, கூடத்தின் அலுவலகத்தில் கொடுத்துவைக்க வேண்டும்.