தோசைக்கும் 5, மருந்துக்கடைக்கும் 5

கும்பகோணத்தில் 31 ஆண்டுகள் தபால் கொடுத்தவன் நான். பழைய எண், புதிய எண், வெறுமனே ‘பிள்ளையார் கோயில் எதிரில்’ என்று எழுதிய உறை, எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். ஓய்வு பெற்றதும் கூகுள் மேப்ஸ் வரைபடத்தில் ஊர்க்காரர்களே இடங்களைப் பற்றி எழுதி, படம் ஏற்றி, தவறுகளைத் திருத்தும் ‘லோக்கல் கைட்ஸ்’ திட்டத்தில் மகன் என்னைச் சேர்த்துவிட்டான். “உங்களுக்குத் தெரிந்ததைத்தான் கேட்கிறார்கள், அப்பா” என்றான். மூன்று ஆண்டுகளாயிற்று. ஏழாம் நிலையில் இருக்கிறேன்.

காசு கிடையாது, புள்ளிதான். ஒரு கடையைப் பற்றி எழுதினால் 10, அது 200 எழுத்தைத் தாண்டினால் இன்னும் 10. படத்துக்கு 5. வரைபடத்தில் இல்லாத இடத்தைச் சேர்த்தால் 15. மொத்தம் 250 ஆனால் நான்காம் நிலை. பெயரருகே ஆரஞ்சு நட்சத்திரம் வந்து உட்காரும். 2015-இல் திட்டம் தொடங்கியபோது அந்த நிலைக்கு 1 டெராபைட் சேமிப்பிடம் இலவசமாகக் கிடைத்தது. என் காலத்தில் நட்சத்திரம் மட்டும்தான். வந்த அன்று மனைவியிடம் காட்டினேன். “ரேஷன் கடையில் இதற்குச் சர்க்கரை கூடுதலாகத் தருவார்களா?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் இன்னொரு முறை திறந்து பார்த்துக்கொண்டேன்.

ஏழாம் நிலைக்கு 5,000 புள்ளி வேண்டும். 4,900-ஐத் தொட்டபோது எனக்குக் கொஞ்சம் பித்துப் பிடித்துவிட்டது. ஒரே நெய் ரோஸ்ட்டை நான்கு பக்கமும் படம் எடுத்து ஏற்றினேன், 20 புள்ளி. சாம்பார் வாளியோடு வந்த பையன், என் கை விலகட்டும் என்று கரண்டியைத் தூக்கியபடியே நின்றான். தோசை ஆறி வறட்டியாகிவிட்டது.

அதே வாரம் டபீர் தெருவில் ஒரு மருந்துக்கடையை யாரோ இரண்டு தெரு தள்ளிக் குறித்திருந்ததைக் கண்டேன். நடந்து போய், கடைக்காரரிடம் நேரமும் கேட்டுத் திருத்தினேன். அதற்கும் 5 புள்ளிதான். இத்திட்டத்தில் எனக்குள்ள ஒரே பெரிய மனக்குறை இதுதான். ராத்திரி காய்ச்சல் மருந்துக்கு அலைபவருக்கு எந்தத் திருத்தம் உதவும் என்று புள்ளிக்கணக்குக்குத் தெரியாது. எனவே ஆட்கள் தோசையையே எடுக்கிறார்கள். ஓர் ஓட்டலில் ஐந்து நட்சத்திரம் போட்டால் காபி இலவசம் என்றுகூடச் சொன்னார்கள். விதிப்படி அது கூடாது. காபியும் சுமார்தான்.

பிறகு ஏன் தொடர்கிறேன்? என் படங்களை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவ்வப்போது மின்னஞ்சல் வரும். விடியற்காலையில் எழுந்து போய் எடுத்த சாரங்கபாணி கோபுரத்தைவிட, பஸ் நிலையக் கட்டணக் கழிப்பிடத்தின் வாசல் படத்துக்குத்தான் கூட்டம். முதலில் வருத்தமாக இருந்தது. இப்போது இல்லை. தபால் பையிலும் காதல் கடிதத்தைவிட மணியார்டருக்குத்தான் வாசலில் காத்திருப்பார்கள்.

இத்திட்டத்துக்கு ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன். ஊர் தெரிந்த ஓய்வூதியர்கள் தாராளமாகச் சேரலாம். பரிசை நம்பிச் சேர வேண்டாம். எட்டாம் நிலைக்கு 15,000 வேண்டும். ஏழாம் நிலையைத் தொட்டவர் படங்களை மட்டும் நம்பினால் இன்னும் 2,000 படம். பத்தாம் நிலைக்கு ஒரு லட்சம். அதை என் பேரன் பார்த்துக்கொள்ளட்டும்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் கைபேசியை எடுக்க வேண்டும் என்பது இப்போது வீட்டு உத்தரவு. காலி இலையைப் படம் எடுத்து ஏற்றினாலும் 5 புள்ளி தருகிறார்கள். பார்த்துவிட்டேன்.