ஆளை மாற்றுவதா, பாத்திரத்தை அனுப்பிவிடுவதா?

நெடுந்தொடரில் நடிகர் ஒருவர் போய்விட்டால் இரண்டு வழிதான். 'இவருக்குப் பதில் இவர்' என்று ஆளை மாற்றலாம். இல்லாவிட்டால் பாத்திரத்தையே கதையிலிருந்து அனுப்பிவிடலாம்.

2023 செப்டம்பர் 8-இல் நடிகர் மாரிமுத்து மறைந்தபோது, அவர் நடித்துவந்த 'எதிர்நீச்சல்' தொடர் முதல் வழியை எடுத்தது. வீட்டையே அதட்டி ஆளும் ஆதி குணசேகரன் பாத்திரத்துக்கு அவருக்குப் பதில் வேல ராமமூர்த்தி வந்தார். பாபநாசத்தில் எங்கள் அத்தை மொச்சை உரித்துக்கொண்டே தொடர் பார்ப்பார். புதுக் குரல் கேட்டதும் கை நின்றுவிட்டது. "மீசையெல்லாம் சரிதான், அந்த அதட்டல் எங்கடா?" என்றார். நியாயமான ஏக்கம்தான். ஆனால் அந்த வீட்டு மருமகள்கள் எதிர்த்து நிற்பதே குணசேகரனைத்தான். அவரை எடுத்துவிட்டால் கதைக்கு முதுகெலும்பே இல்லை. மாற்றியதுதான் சரி என்பேன். அத்தையும் விடாமல் பார்த்தார்.

'சித்தி 2' வேறு மாதிரி. 2021-இல் ராதிகா விலகினார். கதை வெண்பா என்ற இளைய நாயகி பக்கம் நகர்ந்தது. சித்தி என்றாலே ராதிகா முகம்தானே? அங்கே இன்னொருவரை உட்கார வைத்திருந்தால் எங்கள் தெருவே ஏற்றிருக்காது.

தயாரிப்பாளரோ வசனம் எழுதுபவரோ மாறினால்தான் எனக்குப் பயம். முகம் அதே, பேச்சு வேறு. அத்தைக்கு அது இரண்டே நாளில் தெரிந்துவிடும்.