பல் பிடுங்கிய அன்றே இம்ப்ளான்ட் என்றால் கொஞ்சம் பொறுங்கள்

கீழ்க் கடைவாயில் பல வருடங்களுக்கு முன் ரூட் கேனால் செய்த பல் ஒன்று இந்தத் தை மாதம் மறுபடி தொல்லை கொடுத்தது. ஈறில் சின்னக் கொப்புளம். விரலால் அழுத்தினால் உப்புக் கரிக்கும், சீழ். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த பல் கிளினிக்குக்குப் போனேன். "காலையில் பல் எடுப்பு, மாலையில் புதுப் பல்" என்று வாசலில் ஆளுயர பேனர். அதில்தான் விழுந்தேன்.

சின்ன எக்ஸ்ரே ஒன்று எடுத்தார்கள். பல்லைக் காப்பாற்ற முடியாது என்றார் டாக்டர். அது உண்மைதான், அதில் எனக்குக் குறை இல்லை. அடுத்துச் சொன்னதுதான் வினை. இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் திருகி வைக்கும் உலோக ஸ்க்ரூ, அதன் மேல்தான் கேப், அதாவது செயற்கைப் பல் வரும். "இன்னைக்கே ஸ்க்ரூ போட்டுடலாம் சார். தள்ளிப்போட்டா எலும்பு கரைஞ்சிடும், அப்புறம் எலும்பு வைக்கணும், செலவு ரெண்டு மடங்காயிடும்." ரிசப்ஷனில் இருந்த பெண், அன்றே பணம் கட்டினால் ஐயாயிரம் குறையும் என்றார். 35,000 கட்டினேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேனா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் கேப்பும் மாட்டிவிட்டார்கள். ஐந்தாம் நாள் தாடை விண்விண்ணென்று தெறித்தது. மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள். ஆறாவது வாரம் வாய் கொப்பளிக்கும்போது நாக்கு பட்டு அது ஆடியது. கிளினிக்கில் திருகக்கூட வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்துவிட்டது. ஸ்க்ரூவின் மரைகளில் எலும்பு ஒரு துணுக்குக்கூட ஒட்டவில்லை. நர்ஸ் குப்பையில் போடப் போனார். நான் கேட்டதும் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்.

"உங்க உடம்பு ஏத்துக்கல சார்" என்றார் டாக்டர். மறுபடி போட இன்னொரு 20,000.

வேறு ஊரில் உறவினர் ஒருவருக்குப் பல் பார்த்த டாக்டரிடம் போனேன். அவர் பொறுமையாக விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பல் எடுத்த இடத்தில் எலும்பு கரைவது நிஜம்தான். வருடத்துக்குள் அகலத்தில் பாதி வரைகூடப் போகலாம், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். ஆனால் அன்றே ஸ்க்ரூ போட்டால் அந்தக் கரைதல் நின்றுவிடும் என்பது பொய். பல் பள்ளத்தின் கன்னப் பக்கத்து வெளிச்சுவர் எலும்பு பல்லை நம்பி இருப்பது. பல் போனால், ஸ்க்ரூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மெலியும். பாதி உண்மையை வைத்துத்தான் என்னை அவசரப்படுத்தினார்கள்.

அன்றே போடுவதே தப்பு என்றும் அவர் சொல்லவில்லை. சுவர் உடையாமல், சீழ் இல்லாமல், எலும்பு இறுக்கமாகப் பிடிக்கிற இடம் என்றால் போடலாம், முன்பல்லில் நிறையப் பேர் போடுகிறார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர். பிடுங்கினால் பெரிய பள்ளம், ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் குறைவு. போதாக்குறைக்கு எனக்குச் சீழ், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை. இதற்கெல்லாம் மேல் மூன்றாம் நாளே கேப் போட்டு மெல்லவும் விட்டிருக்கிறார்கள். ஈறு மூட நாலு முதல் எட்டு வாரம், பள்ளத்தில் எலும்பு ஓரளவு நிரம்ப மூன்று நாலு மாதம். அப்போது சிபிசிடி ஸ்கேன், அதாவது தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன், எடுத்துப் பார்த்துப் போட்டிருந்தால் போதும் என்றார். சின்ன எக்ஸ்ரேயில் எலும்பின் அகலம் தெரியாதாம். இது தெரிந்திருந்தால் அன்றைக்கே எழுந்து வந்திருப்பேன்.

இன்னொரு விஷயம். இம்ப்ளான்ட் டப்பாவோடு கம்பெனி பெயர், அளவு, லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். அதில் ஒன்று நம் கைக்கு வர வேண்டும். நான் கேட்டபோது "ஃபைல்ல இருக்கு சார்" என்றார்கள். இரண்டு முறை போயும் அந்த ஃபைல் கிடைக்கவில்லை. என் வாயில் எந்தக் கம்பெனி ஸ்க்ரூ இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பணத்தைத் திருப்பித் தர மறுத்ததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்திருக்கிறேன். காசு வாங்கிச் செய்யும் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. ரசீது, எக்ஸ்ரே, பஞ்சில் சுற்றிய அந்த ஸ்க்ரூ, எல்லாம் ஒரு கவரில் இருக்கிறது.

பள்ளம் மூடி நாலு மாதம் ஆகிறது. சர்க்கரையும் இறங்கியிருக்கிறது, அடுத்த வாரம் ஸ்கேன். நேற்று அந்தப் பக்கம் போனேன். அதே பேனர்தான், மூலையில் "ஆடித் தள்ளுபடி" என்று புதுசாக ஒட்டியிருந்தார்கள்.