தெப்பக்குளத்தில் நான்கு சுற்று: இரண்டரை ஆண்டு ஓட்டத்துக்குப் பிறகு

எங்கள் பள்ளியில் தாமதமாக வந்தால் மைதானத்தை இரண்டு சுற்று ஓட வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாவிட்டாலும் அதே இரண்டு சுற்று. ஓட்டம் எனக்கு அறிமுகமானது தண்டனையாகத்தான். 44 வயதில் இரத்தப் பரிசோதனைத் தாளில் சர்க்கரை அளவுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழுந்தது. "நடங்கள், முடிந்தால் ஓடுங்கள்" என்றார் மருத்துவர். எனக்கு உடனே காதில் ஒலித்தது உடற்பயிற்சி ஆசிரியரின் விசில்.

இப்போது இரண்டரை ஆண்டு ஆகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள், விடியற்காலையில், மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுகிறேன். புதிதாக ஓடத் தொடங்கியவர்கள் எழுதும் அனுபவங்கள் பெரும்பாலும் முதல் மாத உற்சாகத்தில் எழுதப்பட்டவை. காலணியின் அடிப்பாகம் தேய்வதற்குள் தீர்ப்பு வந்துவிடும். நான் இரண்டு ஜோடியைத் தேய்த்துவிட்டு எழுதுகிறேன்.

நான் பின்பற்றியது 'கவுச் டு ஃபைவ் கே' என்ற ஒன்பது வாரத் திட்டம். சோபாவில் கிடப்பவரை எழுப்பி ஐந்து கிலோமீட்டர் ஓட வைப்பது என்பது பெயரின் பொருள். ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல், ஐம்பதுகளில் இருந்த தன் தாயாரை ஓட வைப்பதற்காக எழுதியது. பிற்பாடு பிரிட்டனின் அரசு சுகாதாரத் துறையே இதைச் செயலியாக்கி இலவசமாகக் கொடுத்தது. முதல் வாரம் மிக எளிது: ஐந்து நிமிடம் வேக நடை, அதன்பின் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறிமாறி இருபது நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள் போதும்.

60 விநாடிதானே என்று நினைத்தேன். முதல் நாள், பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல் ஓடினேன். எனக்குத் தெரிந்த ஓட்டம் அது ஒன்றுதான். நாற்பதாவது விநாடியில் விலாவில் பிடித்துக்கொண்டது. மாரியம்மன் கோயில் அருகே முழங்காலில் கை ஊன்றி நின்றேன். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "யாரம்மா துரத்துகிறார்கள்?" என்று கேட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். சுடிதாரில், துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க நிற்கும் வங்கி ஊழியரைப் பார்த்தால் நானும் சிரித்திருப்பேன்.

அந்த வாரம் முழுவதும் ஒரு பாட்டி என்னைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார். எழுபதைத் தாண்டியவர், காலில் ரப்பர் செருப்பு, வாயில் வேப்பங்குச்சி. நான் சீறிப் பாய்ந்து அவரைத் தாண்டுவேன். பிறகு நின்று இளைப்பேன். அவர் அதே சீரான நடையில் வந்து என்னைத் தாண்டிப் போவார். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏன் தாயி இப்படி மூச்சு வாங்குகிறாய்? மெல்லப் போ. குளம் எங்கேயும் ஓடிவிடாது."

இந்த அனுபவப் பகிர்வை யாராவது பாதியில் மூடிவிடுவதாக இருந்தால், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே தொடங்குபவருக்கான வேகம் என்று எல்லாப் பயிற்சிப் புத்தகங்களும் சொல்கின்றன. நானும் படித்திருந்தேன். ஆனால் அந்த வேகம் எவ்வளவு மெதுவானது என்பதை எந்தப் புத்தகமும் எனக்குப் புரியவைக்கவில்லை. என் விஷயத்தில் அது ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம். வேகமாக நடப்பவர்கள் அதைவிட விரைவாகப் போவார்கள். அந்த வேகத்தில் ஓடுவதற்கு நுரையீரலுக்குச் சிரமமே இல்லை. சிரமம் முழுவதும் முகத்துக்குத்தான். நடப்பவர்கள் நம்மைக் கடக்கும்போது, குனிந்து காலணிக் கயிற்றைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்யத் தோன்றும். நான் பலமுறை செய்திருக்கிறேன். கயிறு ஒருநாளும் அவிழ்ந்ததில்லை.

திட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நான்கு வாரங்கள் நன்றாக யோசித்து அமைக்கப்பட்டவை. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கொஞ்சமே உயரம். ஐந்தாவது வாரத்தில்தான் வயிற்றில் புளி கரைக்கும். முதல் நாள் ஐந்து நிமிட ஓட்டம் மூன்று தடவை. இரண்டாம் நாள் எட்டு நிமிடம் இரண்டு தடவை. மூன்றாம் நாள் நடையே இல்லாமல் ஒரே மூச்சில் இருபது நிமிடம். அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பிழை இல்லை. அன்று நான் பாட்டியின் பின்னால், பத்தடி தள்ளி, அவர் வேகத்திலேயே ஓடினேன். இருபது நிமிடம் முடிந்ததும் எனக்கு மகிழ்ச்சியைவிடச் சந்தேகம்தான் வந்தது. செயலி நேரத்தைத் தப்பாகக் காட்டிவிட்டதோ என்று கைப்பேசியை இரண்டு முறை பார்த்தேன்.

குறை என்றால், பெயரில் ஐந்து கிலோமீட்டர் இருந்தாலும் ஒன்பதாவது வாரத்தின் முடிவில் கிடைப்பது முப்பது நிமிட ஓட்டம். முப்பது நிமிடத்தில் ஐந்து கிலோமீட்டர் போக வேண்டுமானால் கிலோமீட்டருக்கு ஆறு நிமிட வேகம் வேண்டும். முப்பது நிமிடத்தில் நான் ஓடியது 3.4 கிலோமீட்டர். ஒன்பது வாரம் எனக்குப் பதினான்கு வாரமாயிற்று. இடையில் ஐப்பசி மழை, ஒரு காய்ச்சல், ஒரு காயம். ஒரே வாரத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லாததால், மூன்றாவது வாரத்தை இரண்டாம் முறை செய்தபோது வீட்டில் சொல்லாமல் மறைத்தேன்.

காயம் ஆறாவது வாரத்தில் வந்தது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் உள்விளிம்பு நெடுக ஒரு வலி. விரலால் அழுத்தினால் உயிர் போகும். இருபது நிமிடம் ஓடிவிட்ட தெம்பில், ஓய்வு நாட்களைத் தின்றுவிட்டு அடுத்தடுத்து நான்கு நாள் ஓடியதற்குக் கிடைத்த கூலி. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் வேண்டும். உடல் முழுதும் ஒரே நேரத்தில் தேறுவதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மூன்று வாரம் நிறுத்தினேன். இயன்முறை மருத்துவர் மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கச் சொன்னார், பதினைந்து தடவை, மூன்று முறை. இன்றும் பால் காயும் நேரத்தில் அடுப்படியில் அதைச் செய்கிறேன். வலி திரும்ப வரவில்லை.

காலணி பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. முதல் இரண்டு மாதம் பழைய நடைக் காலணியிலேயே ஓடினேன். சற்று இறுக்கம், அதனால் வலது பெருவிரல் நகம் கறுத்து, பிறகு விழுந்தது. ஒரு கடையில் ஈரப் பாதத்தைக் காகிதத்தில் பதிக்கச் சொல்லி, என் பாத வளைவுக்கென்றே தனி ரகம் வேண்டும் என்று ஏழாயிரத்துச் சொச்சம் விலையில் ஒன்றை எடுத்து வைத்தார்கள். வாங்காமல் வந்தேன். அமெரிக்க இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாத வளைவைப் பார்த்துக் காலணி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், அதனால் காயங்கள் குறையவில்லை என்று பிறகு படித்தபோது அந்த ஏழாயிரத்தை மனதுக்குள் இன்னொரு முறை சேமித்துக்கொண்டேன். கடைசியில் வேறு கடையில் 3,500 ரூபாய்க்கு, வழக்கத்தைவிட அரை அளவு பெரிதாக, மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போய் வாங்கினேன். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அந்த ஜோடி 650 கிலோமீட்டர் உழைத்தது. அதே ரகத்தில் இரண்டாவது ஜோடியும் ஏறக்குறைய அவ்வளவே. அடிப்பாகம் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஓடி முடித்த அன்று மாலை முழங்கால் முனக ஆரம்பித்தால் காலணியின் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆண்கள் எழுதும் அனுபவங்களில் வராத ஒன்று: காலணிக்குச் செலவழிக்கும் முன், மார்பை அசையாமல் பிடிக்கும் விளையாட்டு உள்ளாடைக்குச் செலவழியுங்கள். எனக்கு ஓட்டம் பிடிக்காமல் போனதற்குப் பாதிக் காரணம் அது இல்லாததுதான் என்று வாங்கிய அன்றே தெரிந்துவிட்டது. அதற்கு மேல் தளர்வான முழுக்கைச் சட்டை போதும். பருத்தி வேண்டாம்; வியர்வையைக் குடித்துக் கனத்துத் தொங்கும். தொடை உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெய். துப்பட்டாவை ஐந்தாவது மாதத்தில் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அன்று யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன், ஒருவரும் கவனிக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் மதுரையில் ஓட்டத்தைப் பற்றி எழுத முடியாது. சித்திரையில் ஐந்து மணிக்கே காற்று வெதுவெதுப்பாக இருக்கும். வெப்பத்துக்கு உடல் பழக இரண்டு வாரம் பிடிக்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும். அதுவரை வேகத்தைப் பற்றிக் கவலைப்படக் கூடாது. எனக்குக் கோடையில் கிலோமீட்டருக்கு நாற்பது விநாடி கூடுகிறது. முதல் கோடையில் அதைச் சோம்பல் என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன். ஓடிவிட்டு வந்ததும் உப்புப் போட்ட நீராகாரம் ஒரு செம்பு. டப்பாவில் விற்கும் எந்தப் பொடியும் அதற்கு ஈடாகவில்லை. துரத்தும் தெருநாய்களுக்கு வைத்தியம் எளிது: அவற்றைக் கண்டதும் ஓட்டத்தை நிறுத்தி நடந்துவிடுவது.

சரி, இதில் மகிழ்ச்சி எப்போது வந்தது? தேதி சொல்ல முடியாது, மாதம் சொல்ல முடியும். மார்கழி. தொடங்கி ஐந்தாவது மாதம். எங்கோ ஒலிபெருக்கியில் திருப்பாவை. குளத்தின் மேல் மெல்லிய பனி, நடுவில் மைய மண்டபம் பாதி தெரிந்தும் தெரியாமலும். நான் சிறுமியாக இருந்தபோது இந்தக் குளம் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும், பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் நிறைந்து, படிக்கட்டில் அலை தட்டுகிறது. மதியத்துக்குப் புளிக்குழம்பா, பருப்பு உருண்டைக் குழம்பா என்று யோசித்துக்கொண்டே போனேன். உருண்டை என்று முடிவு செய்தபோது கோயில் வந்துவிட்டது. எத்தனையாவது முறை வந்தது என்று நினைவில்லை. ஓடிக்கொண்டிருக்கிறேன் என்பதையே கொஞ்ச நேரம் மறந்திருந்தேன். எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி அவ்வளவுதான், அதுவே இன்றும் கிடைக்கிறது.

ஓடுபவர்களுக்கு ஒரு போதை வரும், எண்டார்ஃபின் சுரக்கும் என்பார்கள். எண்டார்ஃபின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. உடலே சுரக்கும் கஞ்சா போன்ற வேறு பொருள்கள்தாம் காரணமாக இருக்கலாம் என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2015இல் எலிகளிடமும் 2021இல் மனிதர்களிடமும் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். எதுவாக இருந்தாலும் எனக்கு இரண்டரை ஆண்டில் ஒருமுறைகூட அப்படிப் பறப்பதுபோல் ஆனதில்லை. அதற்காகக் காத்திருந்து விட்டுப்போன இரண்டு தோழிகள் எனக்கு உண்டு.

சர்க்கரைத் தாளில் நட்சத்திரம் இப்போது இல்லை. சோற்றையும் குறைத்தேன், ஆகவே முழுப் பெருமையையும் ஓட்டத்துக்குக் கொடுக்க மாட்டேன். எடை மூன்று கிலோதான் குறைந்தது. எடைக்காகத் தொடங்குபவர்கள் இதைக் கவனிக்கவும். தூக்கம் நன்றாக மாறியிருக்கிறது. ஒன்பதரைக்கே கண் சொக்கிவிடுவதால் வீட்டில் யாரும் என்னோடு படம் பார்க்க வருவதில்லை.

வேகம் கூடவில்லை. என் ஐந்து கிலோமீட்டர் போன ஆண்டு 42 நிமிடம், இந்த ஆண்டு 41. அலுவலகத்தில் ஒரு தம்பி, இடைவெளிப் பயிற்சி (வேக ஓட்டமும் மெது ஓட்டமும் மாறிமாறி) செய்தால் முப்பத்தைந்துக்கு வரலாம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார். மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கடைசியாக, கைக்கடிகாரம். முதல் ஆண்டின் முடிவில் வாங்கியது, இன்றுவரை நான் செய்த ஒரே வீண் செலவு. மணிக்கட்டில் பச்சை ஒளி அடித்து இதயத்துடிப்பை எண்ணும். கை வீச்சின் தாளத்தையே துடிப்பு என்று சில நேரம் எண்ணிவிடும். சாவகாசமாக ஓடும்போது 172 என்று காட்டி ஒருநாள் என்னைப் பதறவைத்தது. நின்று கழுத்தில் விரல் வைத்து எண்ணினால் 140கூட இல்லை. தூரக் கணக்கிலும் சில நாள் தகராறு. குளத்தைச் சுற்றினால் ஏறக்குறைய 1.25 கிலோமீட்டர், நான்கு சுற்று வந்தால் என் ஐந்து.

போன செவ்வாய்க்கிழமை கடிகாரம் மூன்று சுற்றுக் கணக்கே காட்டியது. எனக்கும் குழப்பம். மாரியம்மன் கோயில் பக்கம் வந்ததும் வேகத்தைக் குறைத்தேன். தை மாதத் தெப்பத் திருவிழாவுக்குக் கடை போடுபவர்கள் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பூக்கார அம்மா தன் கூடையை அவர்களுக்காக நகர்த்திவைத்துக்கொண்டே, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நான்கு முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போ" என்றார். இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு போனேன்.