ஈசினோபில் தேட ஃபைவ் பார்ட் மெஷினா, ஸ்லைடா?

எங்கள் லேபில் ரத்தத்தின் வெள்ளணுக்களை மூன்று பிரிவாக மட்டும் எண்ணும் பழைய த்ரீ பார்ட் செல் கவுண்டரை எடுத்துவிட்டு, ஐந்து வகையாகப் பிரித்து எண்ணும் ஃபைவ் பார்ட் வாங்கலாமா என்று பேச்சு வந்தபோது, பழையதே ஓடட்டும், ரத்தத்தைத் தடவிச் சாயமேற்றிய ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் ஒழுங்காகப் பார்ப்போம் என்று சொன்னது நான்தான். அதனால் இதில் ஸ்லைடு பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும்.

த்ரீ பார்ட்டை மட்டும் நம்ப முடியாது, அது எல்லாருக்கும் தெரியும். மோனோசைட், ஈசினோபில், பேசோபில் என்ற மூன்று வெள்ளணு வகைகளையும் 'மிட்' என்று ஒரே கணக்கில் போட்டுவிடும்.

ஃபைவ் பார்ட் அவற்றைப் பிரித்துத் தரும், அதுவும் ஆயிரக்கணக்கான செல்களை எண்ணி. நாம் ஸ்லைடில் 100 செல் எண்ணி 5 ஈசினோபில் பார்த்தால், உண்மையான அளவு 2 முதல் 11 சதவீதத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எண்ணிக்கையில் மெஷினோடு மல்லுக்கு நிற்க முடியாது, சரி. ஆனால் மலேரியா நோயாளி வந்தால் சில மாடல்கள் ஏமாறும். ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைச் செரித்து ஒதுக்கும் ஹீமோசோயின் நிறமியை நியூட்ரோபில்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் விழுங்கியிருக்கும். அது ஒளியைச் சிதறடிக்கும் விதம் ஈசினோபிலின் துகள்களைப் போலவே இருப்பதால் மெஷின் அவற்றையும் ஈசினோபில் என்று எண்ணிவிடும். ஈசினோபில் ஏறுவது பெரும்பாலும் கொக்கிப்புழு, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ், ஃபைலேரியா மாதிரி திசுக்களுக்குள் அலையும் புழுக்களுக்குத்தான், மலேரியாவுக்கு அல்ல. ஆக அந்த ரிப்போர்ட் டாக்டரைப் புழு தேட அனுப்பிவிடும். ஸ்லைடில் அந்த நிறமியும் தெரியும், பக்கத்திலேயே ஒட்டுண்ணியும் தெரியும்.

ஸ்லைடுக்கு எல்லாம் சாயத்தில்தான் இருக்கிறது, சாயத்தைவிடத் தண்ணீரில். லீஷ்மன் சாயத்தை ஊற்றி ஓரிரு நிமிடம் கழித்துச் சேர்க்கும் பஃபர், அதாவது அமில-கார அளவை மாறாமல் வைக்கும் கரைசல், 6.8 பிஹெச்சில் இருக்க வேண்டும். அவசரத்துக்குப் போர் தண்ணீரைக் கலக்கும் லேப்கள் இருக்கின்றன, நம் ஊர்ப் போர் தண்ணீர் பல இடங்களில் காரம். காரம் ஏறினால் ஆரஞ்சு சிவப்பாகத் தெரிய வேண்டிய துகள்கள் சாம்பலும் நீலமுமாக மாறி, ஈசினோபிலைப் பேசோபில் என்று எழுதவைக்கும். அமிலம் ஏறினால் சிவப்பு கண்ணைப் பறிக்கும், உட்கரு வெளிறிப்போகும். சாயத்தைக் கரைத்திருக்கும் மெத்தனாலில் ஈரம் சேர்ந்தாலும் சாயம் கெட்டுவிடும். பஃபர் மாத்திரையும் காய்ச்சி வடித்த தண்ணீரும் வாங்க ஆகும் செலவு, ஃபைவ் பார்ட்டுக்கு மாதாமாதம் வாங்கும் ரீஏஜென்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் இதைக்கூடப் பார்க்காத லேபுக்கு நான் ஸ்லைடைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பேசோபில் பற்றி உறுதியாகப் பேசும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. அதன் துகள்கள் தண்ணீரில் கரைபவை, கழுவும்போதே சில காணாமல் போகும். அதற்கு ஸ்லைடையோ மெஷினையோ தனியாக நம்பாமல் இரண்டையும் ஒப்பிட்டே எழுதுகிறேன்.

அப்புறம், ஈசினோபிலியா, அதாவது ஈசினோபில் கூடியிருக்கிறது என்று தெரிந்து ஃபைலேரியா புழுவுக்கான டிஇசி மாத்திரை கொடுத்த பிறகு எண்ணிக்கை இறங்குகிறதா என்று பார்க்க மட்டும் ஃபைவ் பார்ட் உள்ள இடத்துக்கே ரத்தத்தை அனுப்பிவிடுகிறேன், அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் எடுத்ததை. ஏனென்றால் ஈசினோபில் காலையில் குறைந்தும் இரவில் கூடியும் இருக்கும்.